ஒரு கை பருத்தால், ஒரு கை மெலிந்தால்

ஆரணியில் ஜிம்முக்குப் போகத் தொடங்கும் பையன்களிடம் சில மாதங்களில் ஒரு கவலை முளைக்கிறது. "மாஸ்டர், சோத்தாங்கை நல்லா ஏறியிருக்கு. பீச்சாங்கை அப்படியே கெடக்கு. என்ன பண்றது?" இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இடது கைக்கு மட்டும் இன்னும் நாலு செட் போடு என்கிறார் ஒருவர். கொஞ்ச நாள் வலது கையைத் தொடாதே என்கிறார் இன்னொருவர். நரம்பில் ஏதோ கோளாறு என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான பையன்களுக்கு இந்தப் பதில் எதுவுமே தேவையில்லை. மிகச் சிலருக்கு மட்டும் கடைசியாகச் சொன்ன பயம் உண்மையாகிவிடுகிறது. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில், இரண்டு கையும் ஒரே அளவாக இருக்கும் மனிதர் அபூர்வம். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களின் பிடிவலிமையை அளந்து 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வலது கை இடதைவிடச் சராசரியாக ஏறக்குறைய 13 சதவீதம் வலுவாக இருந்தது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களிடம் அந்த வித்தியாசம் அநேகமாக இல்லவே இல்லை. கதவுப் பிடியும் கத்தரிக்கோலும் வலக்கைக்காரருக்கென்றே செய்யப்பட்ட உலகத்தில், அவர்கள் இரண்டு கையையும் புழங்கியே ஆகவேண்டியிருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியானால் கையின் வலிமை பிறப்போடு முடிந்துபோவதில்லை. என்ன வேலை கொடுக்கிறோமோ அதற்கேற்ப அது மாறுகிறது.

தசை மட்டுமல்ல, எலும்பும் மாறுகிறது. 84 தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த முடிவுகள் 1977-ல் வெளியாயின. மட்டை பிடிக்கும் கையில் எலும்பின் வெளிச்சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 28 சதவீதம் தடித்திருந்தது. சிறு வயதிலிருந்து ஒரே கையால் பந்தை அடித்ததன் விளைவு அது. அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல.

இந்த ஊரில் இதைப் புரிந்துகொள்ள டென்னிஸ் மைதானம் தேடிப் போகவேண்டாம். ஆரணியிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றூர்களிலும் தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை கயிற்றைச் சுண்ட, பாவுக்கு நடுவே நாடா பாய்கிறது. மறு கை பலகையை இழுத்து அடித்து ஊடையைச் சேர்க்கிறது. சுண்டுகிற கைக்கு மணிக்கட்டும் முன்கையும் முக்கியம். பலகை பிடித்த கைக்குத் தோளும் முதுகின் மேல்பகுதியும் முக்கியம். அங்குலத்துக்கு அறுபது ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஏறக்குறைய 13,000 முறை இந்த இரண்டு அசைவும் நடந்தாக வேண்டும். அடுத்த சேலைக்கும் அதே கை, அதே வேலை.

பழைய முறையில் இப்படி இல்லை. நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார்கள். அடுத்த ஊடைக்குப் பிடித்த கை எறியும், எறிந்த கை பிடிக்கும். இரண்டு கைக்கும் வேலை பங்காகிவிடும். இங்கிலாந்தில் ஜான் கே 1733-ல் காப்புரிமை வாங்கிய கயிற்று நாடா உலகமெங்கும் பரவியபோது நெசவின் வேகம் கூடியது. கூடவே வலதுக்கு ஒரு வேலை, இடதுக்கு ஒரு வேலை என்றும் பிரிந்துபோனது. கோர்வைச் சேலையில் கரைக்கென்று தனி நாடா எறியும் இடத்தில் இன்றும் பழைய அசைவைப் பார்க்கலாம்.

இத்தனை ஆயிரம் முறை அசைந்தும் நெசவாளரின் கை பயில்வான் கைபோல ஏன் பருக்கவில்லை? காரணம் சுமை. கயிற்றைச் சுண்டவோ பலகையை இழுக்கவோ பெரிய பலம் வேண்டாம். குறைந்த சுமையை ஓயாமல் இழுக்கும் தசை, களைக்காமல் நீடிக்கப் பழகிக்கொள்கிறது. தசை பருக்க வேண்டுமானால், ஒவ்வொரு செட்டின் கடைசிச் சில தூக்கலும் சிரமப்படும் அளவுக்குச் சுமை வேண்டும், பிறகு ஓய்வும் சாப்பாடும் வேண்டும். ஆகவே பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் டம்பெல் தூக்கவரும் இளைஞருக்கு, இரண்டு கையின் சுற்றளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு தோள் இறுகி ஏறியிருக்கும், ஒரு முன்கை ஏற்கெனவே களைத்திருக்கும். அந்த நிலையில் கனத்த பார்பெல்லைப் பிடித்தால் களைக்காத பக்கம் முந்திக்கொள்ளும். நாளடைவில் பருமனிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அரிசி ஆலையில் எப்போதும் ஒரே தோளில் மூட்டை ஏற்றுகிறவருக்கும் இது பொருந்தும்.

பார்பெல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு கையும் ஒரே கம்பியைப் பிடித்திருப்பதால் வேலை சரிபாதியாகப் பிரிகிறது என்று நினைக்கிறோம். பலமான கை சத்தமில்லாமல் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், கம்பி மேலே போய்விடும், நமக்குத் தெரியாது. கம்பி ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறதா என்று பின்னால் நிற்கும் நண்பர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். போட்டிக்கான ஆண்கள் கம்பி 2.2 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் கொண்டது, பெண்களுக்கு 2.01 மீட்டர், 15 கிலோ. சொரசொரப்பான பிடிப்பகுதிக்கு நடுவே, இருபுறமும் சம தூரத்தில் வழவழப்பான வளையக்கோடு இருக்கும். கையை அந்தக் கோட்டிலிருந்து அளந்து வைப்பதற்காகவே அதைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கை கோட்டின்மேலும் மறு கை இரண்டு விரல் தள்ளியும் இருந்தால், அந்த இரண்டு விரலே மாதக்கணக்கில் தோளைக் கோணலாக்கப் போதும். டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கை முன்னோக்கியும் மறு உள்ளங்கை பின்னோக்கியும் பிடிப்பவர்கள், செட்டுக்குச் செட் கையை மாற்றவேண்டும். பழைய இரும்புப் பிளேட்டுகளில் எழுதியிருக்கும் எடையை நம்பாமல் ஒரு தடவை தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

சரி, வித்தியாசம் வந்துவிட்டது, என்ன செய்வது? கொஞ்ச நாளைக்கு கர்ல், பிரஸ் போன்றவற்றை டம்பெல்லுக்கு மாற்றுங்கள். எப்போதும் பலவீனமான கையில் தொடங்குங்கள். அது ஒழுங்காக ஒன்பது முறை தூக்கினால், மறு கையும் அதே எடையை ஒன்பது முறைதான் தூக்கவேண்டும். பன்னிரண்டு முடியும் என்றாலும் ஒன்பதோடு நிறுத்தவேண்டும். இது பையன்களுக்குக் கசப்பான மருந்து. பலமான கையை அடக்கி வைப்பது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் இடைவெளி குறையத் தொடங்கும். சின்னக் கைக்கு இரட்டிப்பு செட் போடும் வழியை நாம் பரிந்துரைக்கமாட்டோம். பழகாத சுமை முழங்கை நாண்களில் வலியாக வந்து நிற்கும், பிறகு அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும்.

பெரிய கையைச் சும்மா போட்டுவைப்பதும் வீண். 1894-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரும் அவருடைய சகாக்களும் ஒரு கையை மட்டும் பழக்கி இரண்டு கையையும் சோதித்தார்கள். பழக்காத கையின் பலமும் கூடியிருந்தது. அதன் பிறகு இது பலமுறை உறுதியாகியிருக்கிறது. தசைக்குக் கட்டளை அனுப்பும் மூளையும் தண்டுவடமும் சேர்ந்துதான் பழகுகின்றன, அந்தப் பழக்கம் ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. ஒரு கையில் மாவுக்கட்டு போட்டவர் மறு கைக்குப் பயிற்சி தொடர்வதால் லாபம் உண்டு என்பதும் இதிலிருந்து வந்ததே. பருமன் மட்டும் அப்படித் தாவாது. அதற்கு அந்தந்தக் கைதான் உழைக்கவேண்டும்.

அளப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தோள்பட்டை நுனி எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பயிற்சிக்கு முன்பு அளக்கவேண்டும். பயிற்சி முடிந்ததும் ரத்தம் ஏறி உப்பியிருக்கும் கையை அளந்து பயனில்லை. அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம். ஆணழகன் மேடைக்குப் போகிறவருக்கு அது முக்கியமாக இருக்கலாம், அங்கே சமச்சீருக்கும் மதிப்பெண் உண்டு. பளுதூக்கும் மேடையில் கையின் பருமனை யாரும் பார்ப்பதில்லை.

அந்த மேடையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு அருகிலேயே ஆள் இருக்கிறார். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டுகோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். தலைக்குமேல் போன கம்பியின் கீழ் இரண்டு முழங்கையும் முழுசாக நீண்டு பூட்டிக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஒன்று நேராகவும் ஒன்று மடங்கியும் நின்றால் நடுவர் சிவப்பு விளக்கு போடுவார். பிறவியிலோ காயத்தாலோ முழங்கை முழுதாக நீளாத வீரர் போட்டிக்கு முன்பே நடுவரிடம் சொல்லிவிடலாம், அதற்கும் விதியில் இடமுண்டு. இந்த விளையாட்டில் ஒரு காலத்தில் ஒற்றைக் கைத் தூக்கலும் இருந்தது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரு கைத் தூக்கலில் டென்மார்க்கின் விகோ யென்சனும் பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட்டும் ஆளுக்கு 111.5 கிலோ தூக்கி நின்றார்கள். தூக்கிய அழகுக்காக யென்சனுக்கு முதலிடம் போனது. ஒற்றைக் கையிலோ எலியட் 71 கிலோ, யென்சன் 57. 1928 முதல் ஒலிம்பிக்கில் இரு கைத் தூக்கல் மட்டுமே.

இதுவரை சொன்னது ஒரு கை அதிகம் வளர்ந்த கதை. இனி ஒரு கை தேய்கிற கதை. கண்ணாடியில் இந்த இரண்டு கதையும் ஒன்றுபோலவே தெரியும், அதுதான் சிக்கல். போன வருஷம் இருந்த சதை இந்த வருஷம் இல்லை, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது என்றால் அது டம்பெல்லால் சரியாகும் விஷயம் அல்ல.

பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, ஆசிய நாடுகளில் அதிகமாகக் காணப்படும் ஒரு நோய் உண்டு. ஜப்பானில் கெய்ஸோ ஹிராயாமா 1959-ல் முதலில் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் எம். கௌரி தேவியும் சகாக்களும் ஒற்றைக் கையோ ஒற்றைக் காலோ மட்டும் மெலிந்த 23 பேரைப் பற்றி 1984-ல் எழுதினார்கள். ஹிராயாமா நோயில் ஒரு கையின் விரல்களும் முன்கையின் சுண்டுவிரல் பக்கமும் மெல்ல மெலியும். வலி அதிகம் இருக்காது, மரத்துப்போவதும் குறைவு. குளிரில் விரல்கள் இன்னும் சோர்ந்துபோகும். கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தைச் சுற்றிய உறை முன்னுக்கு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துவதே காரணம் என்பது ஏற்கப்பட்ட விளக்கம். சில ஆண்டுகள் வளர்ந்துவிட்டுத் தானாக நின்றுவிடும், ஆனால் போன சதை திரும்புவதில்லை. ஆகவேதான் சீக்கிரம் கண்டுபிடித்துக் கழுத்துப்பட்டை போட்டுக் குனிவதைக் குறைக்கவேண்டியிருக்கிறது. நிமிர்ந்த நிலையில் மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இது தப்பிவிடலாம், கழுத்தைக் குனிந்த நிலையிலும் எடுக்கவேண்டும். தறிக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நோய் வந்துவிட்டவர், நாள்முழுக்கத் தலைகுனிந்து செய்யும் வேலை தன்னுடையது என்று மருத்துவரிடம் அவசியம் சொல்லவேண்டும்.

மெலிவோடு மரத்துப்போதலும் சேர்ந்தால் வேறு காரணங்கள் உண்டு. கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கலாம், முழங்கையில் சுண்டுவிரல் நரம்பு அழுந்தலாம். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயையும் நினைவில் வைக்கவேண்டும். வேலூர் பக்கத்துக் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்ததும், அதற்கு முன்பே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை தொடங்கியதும் இந்த வட்டாரத்தின் தேவையை முன்னிட்டுத்தான். இன்று தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கூட்டு மருந்து கிடைக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் கை தப்பும். வெட்கப்பட்டு மறைத்தால் நரம்பு போகும். ஒரே நாளில் 'பட்' என்ற சத்தத்தோடு பைசெப்ஸ் உருண்டு கீழே இறங்கினால் அது நாண் அறுந்ததற்கான அடையாளம், அன்றே எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும்.

நரம்பியல் சிகிச்சைக்கு ஆரணிக்காரர்கள் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கிய சி.எம்.சி. வேலூரில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான். ஜிம் நடத்தும் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். சேரும் அன்றே பையன்களின் இரண்டு மேற்கையையும் இரண்டு முன்கையையும் அளந்து தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். ஒரு கையின் எண் கூடி மறு கையின் எண் அப்படியே நின்றால் பயிற்சியை மாற்றுங்கள். ஒரு கையின் எண் மாதாமாதம் இறங்கினால் பயிற்சியை நிறுத்தி, அந்த நோட்டையும் கொடுத்து அவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். எப்போதிலிருந்து மெலிகிறது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.