கியூபாவும் திருகோணமலையும்: கேளாமல் முடித்த பேரங்கள்

கியூபாவின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் திருகோணமலைத் துறைமுகமே நினைவுக்கு வருகிறது. 1962 ஒக்டோபரில் சோவியத் ஏவுகணைகளைத் திருப்பி எடுப்பதெனக் குருசேவும் கென்னடியும் தமக்குள் முடித்துக்கொண்டனர். காஸ்ட்ரோவிடம் எவரும் கேட்கவில்லை. ஐ.நா. பரிசோதகர்களை உள்ளே விட மறுக்கவாவது அவரிடம் ஓர் அரசு இருந்தது.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் ஒப்பமிட்டதை நாம் வடக்கு-கிழக்கு இணைப்புக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். புதுடில்லிக்கு அதனோடு பரிமாறிய கடிதங்களே பெரிது என்பேன்: இந்திய நலனுக்குப் பாதகமாகத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது, எண்ணெய்க் குதங்களை இருநாடும் சேர்ந்து நடத்தவேண்டும். இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. குதங்கள் பற்றிய பேச்சோ 2022 ஜனவரியில் உடன்படிக்கையாகி, 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்குப் போயின.

அதே 2006இல் சம்பூரை விட்டு ஓடிய சனம் காணிக்காக வருடக்கணக்கில் முகாம்களில் கிடந்தது. அங்கு அமையும் இந்தியக் கூட்டுச் சூரிய மின்திட்டத்தை 2025 ஏப்ரலில் மோடி கொழும்பிலிருந்தே தொடக்கிவைத்தார்.