சிவந்த கண்ணும் சீட்டில்லாத மருந்தும்

வைரஸ் தொற்றால் கண் பழுதாகும்போது அப்பழுது முழுவதையும் வைரஸே செய்ததாக எண்ணுகிறோம். நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு.

சென்னையின் பெயரைச் சுமக்கும் 'மெட்ராஸ் ஐ' இதற்குச் சான்று. பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் இந்நோய் இரண்டொரு வாரங்களில் தானே அடங்கிவிடும். ஆயினும் சிலருக்குச் சிவப்பு குறையும் வேளையில் பார்வை மங்குகிறது, விளக்கொளி கூசுகிறது. எஞ்சிய வைரஸ் துணுக்குகளை எதிர்த்து வெள்ளையணுக்கள் திரண்டதால் கருவிழியில் தோன்றும் சிறு புள்ளிகளே காரணம். அவை மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இதனினும் கொடியது. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, மீண்டும் மீண்டும் கண்ணுக்குத் திரும்பும். கருவிழியின் மேற்பரப்பில் புண் உண்டானால், அழிப்பது வைரஸ். உள்ளடுக்கில் அழற்சி உண்டானாலோ, பெருமளவு சிதைப்பவை நம்முடைய டி அணுக்களும் அவை அழைத்துவரும் பிற வெள்ளையணுக்களுமே. ரத்தக் குழாய் இல்லாததாலும், நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதாலும்தான் கருவிழி தெளிவாக இருக்கிறது. அழற்சியில் குழாய்கள் படர்ந்து, நார்கள் குலைந்து, தழும்பு விழுகிறது. கையில் விழும் தழும்பு வெறும் அடையாளம். கருவிழியின் நடுவில் விழுந்தால் பார்வையே போகும்.

ஆகவே, ஸ்டீராய்டை நஞ்சென்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸ் எதிர்ப்பு மருந்துடன் ஸ்டீராய்டு சொட்டும் பெற்றவர்களுக்கு, உள்ளடுக்கு அழற்சி நீடிக்கும் அல்லது முற்றும் அபாயம் 68 சதவீதம் குறைந்தது. அதே சொட்டைத் தனியாக மேற்பரப்புப் புண்ணில் விட்டால் காவல் தளர்ந்து, புண் பரந்து ஆழமாகும். இரண்டிலும் கண் சிவக்கும், நீர் வடியும். ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் இருந்தும், ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு கேட்ட மாத்திரத்தில் கடைகளில் கிடைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஓரிரு நாளில் சிவப்பு மறைவதால் வாங்கியவர் கடைக்காரரை மெச்சுகிறார். மீந்ததைப் பிள்ளையின் கண்ணிலும் விடுகிறார். நாள்கணக்கில் தொடர்ந்தால் கண்புரையும் கண் அழுத்த நோயும் வரலாம். அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி ஏறுவதால், தெரியவரும்போது பார்வை நரம்பு கெட்டிருக்கும்.

கடைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதவர்களே பெரும்பாலும் அங்கே செல்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்நாளில் இருப்பார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். கண்நோய் பரவும் மாதங்களில் மாலை நேரத்திலும் அவர் இருக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அம்மாதங்களில் கடைகளின் விற்பனைப் பதிவேடுகளைச் சோதிக்கலாம். 'ஸ்டீராய்டு உள்ளது' என்று மருந்தின் அட்டைப்பெட்டியில் தமிழில் பெரிதாக அச்சிடச் செய்வதற்கு அதிகச் செலவும் ஆகாது.