எளிமை வேற, கவனயீனம் வேற

கோடை வந்தால் பிறம்ரனில் எங்கட வீடுகளில் ஒரே கதைதான்: "இந்த முறை எங்க போறம்?" 1893 இல் உருவான அல்கொன்குவின் பூங்கா இங்கயிருந்து காரில் மூன்றரை மணித்தியாலம் அளவு. உள்ளே ஒன்ராறியோ பார்க்ஸின் இடங்களை ஐந்து மாதத்துக்கு முன்னமே பதியலாம். நல்லவை கெதியா முடிஞ்சிடும். மிஞ்சுறது, சுத்தியுள்ள ஏரிக்கரைகளில் தனியார் நடத்துற மரவிடுதிகள்.

யூன் தொடக்கத்தில அப்படியொன்றில மூன்று இரவு எடுத்தம். 'எளிமையான, இயற்கையான தங்குமிடம்' எண்டு போட்டிருந்தது. போனால் யன்னல் வலை கிழிஞ்சு கிடக்குது. பிளாக் ஃபிளை கடிச்சு மகளின்ர கழுத்து வீங்கிப்போச்சு. குழாய்க்கு மேல 'குடிக்க வேண்டாம்' எண்டு ஒரு துண்டு. விறகு அடுப்பு இருந்த அறையில காபன் மொனொக்சைட் அலாரம் இல்லை.

"அப்பா, இது காம்பிங்கா, ஹொட்டேலா?" எண்டு மகள் கேட்டாள். சரியான கேள்வி. காம்பிங் எண்டால் எங்கட பாதுகாப்பை நாங்களே கொண்டு போவம். காசு வாங்கி அறை தாறவருக்கு அந்தப் பொறுப்பு இருக்கு. கட்டில் பழசா இருக்கிறது எளிமை. அலாரம் இல்லாதது கவனயீனம்.

2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக்கில் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, நாலு பேர் கொண்ட ஒரு குடும்பமே காபன் மொனொக்சைட்டால் இறந்தது. மணமோ நிறமோ இல்லாத வாயு அது. 2013 இல் நிறைவேறிய ஹோக்கின்ஸ்-கிஞாக் சட்டம் அவர்களின் பேரில்தான் வந்தது.

"விடு தம்பி, ஏன் வீண் பிரச்சினை" எண்டுதான் எங்கட அம்மா அப்பா சொல்லுவினம். புது நாட்டில அவையளுக்கு அது தேவைப்பட்டது. எங்கட பிள்ளையள் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம். படங்களோட மரியாதையா ஒரு ஈமெயில் போட்டன். ஒரு இரவுக் காசு திரும்பி வந்தது. விளம்பரத்தில பொய் இருந்தால், ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள்ள எழுத்தில அறிவிச்சு ஒப்பந்தத்தை முறிக்கவும் இடமுண்டு.

பதிய முன்னம் மூன்று கேள்வியை எழுத்தில கேளுங்கோ. குழாய்த் தண்ணி குடிக்கலாமா? கடைசியாய் எப்ப சோதிச்சது? புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்யுதா? மே நடுவிலயிருந்து யூன் வரை எண்டால் யன்னல் வலையையும் கேளுங்கோ. பற்றரியில் இயங்கிற ஒரு அலாரத்தைப் பையில வையுங்கோ. பதில் எழுதத் தயங்கிற விடுதிக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.