தாய்க்குச் சர்க்கரை, சேய்க்கு என்ன?



பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சென்று திரும்புவோர் முதலில் பேசுவது குழந்தையின் எடையைப் பற்றித்தான். "மாஷா அல்லாஹ், நாலு கிலோவாம்!" என்று பூரித்துப்போகும் மாமிமார் உண்டு. மூன்றுக்குக் குறைந்துவிட்டால், தாய் ஒழுங்காக உண்ணவில்லையென்று குறைகூறுவோரும் உண்டு. ஆனால் அந்த நாலு கிலோவைக் கண்ட மருத்துவர் பூரிப்பதில்லை. தாயின் இரத்தச் சர்க்கரைக் குறிப்பைத்தான் உடனே எடுத்துப் பார்க்கின்றார். அதற்கான காரணத்தை இம்மாதம் சற்று விரிவாகவே காண்போம்.

கருவிலிருக்கும் சிசுவுக்குத் தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையே முக்கிய உணவு. நச்சுக்கொடியைக் கடந்து அது சிசுவைச் சென்றடைகின்றது. தாய்க்கு எவ்வளவு ஏறுகின்றதோ அதற்கேற்பச் சேய்க்கும் ஏறும். ஆனால் அச்சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் தாயின் இன்சுலின் நச்சுக்கொடியைக் கடந்து செல்வதில்லை, வாசலோடு நின்றுவிடுகின்றது. ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் சின்னஞ்சிறு கணையமே அளவுக்கு மிஞ்சி இன்சுலினைச் சுரக்க வேண்டியதாகின்றது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளைக் கவனித்து வந்த யோர்கன் பீடர்சன் என்னும் மருத்துவர் 1950களில் எடுத்துரைத்த விளக்கம் இது. இன்றளவும் மருத்துவ உலகம் இதன் மீதே நிற்கின்றது.

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பது மட்டுமன்று, உடலை வளர்ப்பதும் கொழுப்பைச் சேர்ப்பதும் அதன் வேலையே. எனவே சிசுவின் தோள்களிலும் வயிற்றிலும் கொழுப்பு படிகின்றது. தலையோ அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. பிரசவத்தின்போது தலை எளிதாக வெளிவந்துவிட, தோள் சிக்கிக்கொள்வது இதனால்தான். அவ்வேளையில் குழந்தையின் கை நரம்புகள் இழுபட்டு ஊறுறலாம். மூச்சுத் திணறலும் நேரலாம். இதயத்தின் தசை தடிப்பதும் உண்டு. நுரையீரல் விரிவதற்கு உதவும் பசைப்பொருள் உண்டாவதையும் மிகை இன்சுலின் தாமதப்படுத்துவதால், உருவத்தில் பெரிதாயிருந்தும் மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைகளைக் காண்கிறோம். பிறந்த பின் மஞ்சள் காமாலை மிகுவதும் இவர்களிடத்தில் அதிகம். பருமன் வேறு, பக்குவம் வேறு.

தொப்புள்கொடி அறுபட்ட பின் நிகழ்வதுதான் நம் இல்லங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. தாயிடமிருந்து வந்த சர்க்கரை அக்கணமே நின்றுவிடுகின்றது. ஆனால் மிகுதியாகச் சுரந்து பழகிய கணையம் உடனே ஓய்வதில்லை. விளைவு, முதற்சில மணி நேரங்களிலேயே குழந்தையின் இரத்தச் சர்க்கரை சரிந்து விழுகின்றது. சில குழந்தைகள் நடுங்கும்; சில துவண்டு கிடக்கும்; சில எவ்வித அடையாளமும் காட்டா. குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும் செவிலியரிடம், "பச்சைப் பிள்ளையை ஏன் குத்துகிறீர்கள்?" என்று சண்டையிட வேண்டாம். அந்த ஒரு சொட்டு, குழந்தையின் மூளையைக் காப்பதற்காக எடுக்கப்படுவது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டுவதே இதற்கு முதல் மருந்து. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ அதற்கு ஈடாகா. பாங்கு சொல்லப் பெரியவர் வந்து சேரட்டும், அதன் பிறகு பால் கொடுக்கலாம் என்று சில வீடுகளில் காத்திருக்கின்றார்கள். பெரியவர் வரும்போது வரட்டும், பால் காத்திருக்கலாகாது.

இதுவரை கூறியவை பெரும்பாலும் கருவுற்ற பின் தோன்றும் சர்க்கரை நோய்க்கு உரியவை. நச்சுக்கொடி சுரக்கும் சில நீர்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குவதால், ஐந்து, ஆறாம் மாதங்களில் இந்நோய் பெரிதும் தலைகாட்டுகின்றது. கருவுறும் முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களின் நிலையோ வேறு. இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். பல பெண்கள் தாம் கருவுற்றதையே அறியாத நாட்கள் அவை. அப்போது சர்க்கரை மிகுந்திருந்தால் அவ்வுறுப்புகளில் பிறவிக் குறை நேரும் வாய்ப்பு கூடுகின்றது. ஆகவே இத்தகைய சகோதரிகள் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மருத்துவரைக் கலந்த பின்னரே கருவுற வேண்டும்.

நமக்கு இந்நோய் வராது என்று எவரும் இருந்துவிட வேண்டாம். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷய்யா குழுவினர் 2008இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதத்தினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இது காணப்பட்டது. இதற்கென அவர் வகுத்த பரிசோதனை மிக எளியது. உண்டு வந்தாலும் சரி, வெறும் வயிற்றோடு வந்தாலும் சரி; 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில், 100 மில்லிக்கு 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நோய் உண்டென்று பொருள். கர்ப்பிணி மருத்துவமனைக்குச் செல்லும் முதல் தடவையே இதனைச் செய்து, சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண்ணைப் பட்டினியோடு அலைக்கழிக்காத முறை என்பதால் எனக்கு இதன்மீது தனி மதிப்பு உண்டு.

கண்டறிந்தால் பயன் உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் கர்ப்பிணிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான கேடுகள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. பெரும்பாலோருக்கு உணவு மாற்றமும், உண்ட பின் சிறிது நடையுமே போதுமானது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று நெய்ச்சோற்றை அள்ளி வைப்பதும், வருவோர் எல்லாம் வட்டிலப்பம் கொண்டுவந்து ஊட்டுவதும் அன்புதான். ஆனால் அந்த அன்பு நச்சுக்கொடியைக் கடந்து செல்கின்றது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். உணவாலும் நடையாலும் அடங்காதபோது மருத்துவர் இன்சுலின் ஊசி எழுதுவார். "ஊசி பிள்ளையைக் கெடுக்கும்" என்று அஞ்சி, கணவரிடமும் மாமியிடமும் மறைத்துப் போடாமல் விடுவோர் இருக்கின்றார்கள். இன்சுலின் நச்சுக்கொடியைக் கடப்பதில்லை என்று மேலே கண்டோமல்லவா? சேயைத் தீண்டாமல் தாயைச் சீராக்கும் மருந்து அது.

ரமழான் நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டுபவளுக்கும் மார்க்கம் சலுகை வழங்கியிருக்கின்றது. இன்சுலின் போடும் கர்ப்பிணி நீண்ட பகற்பொழுது உண்ணாதிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் சேர்ந்து அதனைச் சட்டென உயர்த்தலாம். முடிவெடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். களாச் செய்யும் விவரத்தை ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

"எங்கள் பரம்பரை நோய், பிள்ளைக்கும் வரத்தான் செய்யும்" என்று கைவிரிப்போருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடம், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. தாய்க்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, அதற்கு முன்பு பிறந்த உடன்பிறப்புகளைவிட அந்நோய் மிகுதியாக வந்திருந்தது. குருதி ஒன்றே, கருவறையின் நிலைதான் வேறு.

பிரசவத்தோடு பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். ஆயினும் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு. எனவே நாற்பது கழிந்ததும் வெளியே கிளம்பும் முதற்பயணம் ஆய்வுக்கூடத்துக்காக இருக்கட்டும். அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை, இம்முறை வெறும் வயிற்றோடு சென்று செய்துகொள்ளுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்துவைத்து, அடுத்த முறை கருவுற்றால் முதல் நாளிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.