கடலிலே ஒரு குளிர்ப்பெட்டி

சிறு வள்ளம் ஒன்றிலே, சொந்தக் கையினாலே, குறைந்த செலவில் ஒரு குளிர்சாதனப் பெட்டியை அமைத்துக்கொள்ள இயலுமா என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் வினவினார். அவர் தந்தையார் கடற்றொழிலாளர். மாலையிற் சென்று காலையில் மீள்பவர். சூரையும் அறக்குளாவும் வலையிற் பட்ட நாள்களிலேதான், கரையை அடையுமுன் ஐஸ் உருகிப்போக, மீன் இரண்டாந்தர விலைக்குப் போகின்றதாம். பழைய குளிர்சாதனப் பெட்டியொன்றின் அமுக்கியைக் கழற்றி வள்ளத்திற் பொருத்த எண்ணிப் பணமும் சேர்த்து வைத்திருக்கின்றனர். அப்பணத்தை அமுக்கியிற் போடாது பெட்டியின் சுவரிற் போடுங்கள் என்று விடை கூறினேன். காரணங்கள் பிறர்க்கும் பயன்படுமாதலின் ஈண்டு எழுதலானேன்.

அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் பிரெடெரிக் ரியூடர் என்றொரு வணிகர் இருந்தார். உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றி விற்றவர் அவர். 1833ஆம் ஆண்டிலே அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதங்களின் பின் அது கரைசேர்ந்தபோது, சுமார் 100 தொன் எஞ்சியிருந்தது! கப்பலில் எவ்வித இயந்திரமும் இல்லை. மரத்தூள் போன்ற மலிவான பொருள்களே அவ்வணிகத்துக்குக் காவலாயிருந்தன. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்ததே.

குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் புகாதிருப்பதையே நாம் குளிரென்கின்றோம். ஆகவே பெட்டியை முதலிற் கவனிப்போம். உள்ளளவு 60 சதமமீற்றர் நீளம், 45 அகலம், 40 ஆழம் என்று கொள்க. இது 108 இலீற்றர் கொள்ளும். சுற்றிலும் நான்கு அங்குலத் தடிப்பில் பொலியூரிதேன் நுரை இருந்து, வெளி வெப்பநிலை உட்புறத்திலும் 30 பாகை கூடுதலாயின், சுவர்வழிப் புகும் வெப்பம் நாளொன்றுக்கு 4 கிலோ பனிக்கட்டியை உருக்கும். தடிப்பு இரண்டு அங்குலமாயின் ஆறரைக் கிலோ உருகும். மலிவான ரெஜிபோமே கைக்கெட்டுவதென்றால், நான்கு அங்குலத் தடிப்பிலும் ஐந்தரைக் கிலோவரை உருகலாம். ரெஜிபோம் பாவிப்பதில் இழுக்கில்லை. தடிப்பைக் குறைப்பதே இழுக்கு.

வெளிப்புறம் ஒட்டுப்பலகை, உட்புறம் கண்ணாடியிழைப் பூச்சு, இடையில் நுரை. பலரும் மறப்பது ஒன்றுண்டு. கடற்காற்றின் நீராவி வெளிப்புறமிருந்து குளிர்ந்த உட்புறம் நோக்கி நுழைந்து, நுரையினுள்ளே நீராகப் படியும். நனைந்த நுரை வெப்பத்தைத் தடுக்காது, பாரமும் கூடும். இதனைத் தடுக்கும் பொலித்தீன் உறையை நுரையின் வெளிப்பக்கத்தில், இடைவெளியின்றி ஒட்டுதல் வேண்டும். கதவு பக்கத்திலன்றி மேலே அமைக. குளிர்ந்த காற்றுப் பாரமானது. பக்கக் கதவைத் திறந்தால் ஒழுகிப்போகும். மூடியின் விளிம்புக்கு இறப்பர்ப் பட்டி. உருகிய நீர் வடியும் குழாயை வளைத்து, வளைவிலே சிறிது நீர் தங்குமாறு செய்க. இன்றேல் அத்துளைவழியே வெப்பக் காற்று நுழையும். வெளியே வெள்ளை வர்ணம் பூசுக.

பெட்டி முடிந்ததும் அதனைப் பரீட்சித்தல் எளிது. நிறுத்த பனிக்கட்டி பத்துக் கிலோவை உள்ளே வைத்து மூடி, ஒரு நாள் கழித்து எஞ்சியதை நிறுங்கள். உருகிய கிலோவை நான்கால் பெருக்கினால், சுவர்வழிப் புகும் வெப்பம் ஏறக்குறைய இத்தனை உவாற்று என்பது தெரியவரும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோகலோரி வேண்டும் என்ற பாடத்தை வீட்டு முற்றத்திலேயே கற்றதாகவும் ஆகும்.

நிற்க. இயந்திரம் பற்றிய கணக்கைப் பார்ப்போம். 28 பாகையிலுள்ள 30 கிலோ மீனைச் சுழியப் பாகைக்குக் கொணர ஏறக்குறைய 700 கிலோகலோரி வெப்பத்தை அகற்றவேண்டும். நொறுக்கிய பனிக்கட்டி 9 கிலோ உருகும்போது அவ்வேலை முடிந்துவிடும். 60 உவாற்று வீதம் வெப்பத்தை வெளியேற்றும் சிறிய அமுக்கியோ அதற்குப் பதினான்கு மணித்தியாலம் உழைக்கவேண்டும். சூரை போன்ற மீன் அவ்வளவு நேரம் காத்திராது. சூடேறிய அம்மீனிலே இஸ்தமீன் என்னும் பொருள் உண்டாகும். அதை உண்டவர்க்கு முகம் சிவந்து, தலைவலி, வாந்தி முதலியன வரும். சமைத்தாலும் அது அழியாது. பிடித்தவுடன் மீனைப் பனிக்கட்டியிற் புதைத்தலே தக்க காவல். மீனுக்குச் சம எடை பனிக்கட்டி கொண்டுசெல்க. அதில் உப்பிடவேண்டாம், உப்பிட்டால் குளிர் மிஞ்சி மீன் உறையக்கூடும்.

வீட்டு அமுக்கியைக் கழற்றுவது பற்றியும் எச்சரிக்கவேண்டும். அது 230 வோல்ற்றில் இயங்குவது. உப்புநீர் தெறிக்கும் வள்ளத்தில் உயிருக்கு ஆபத்து. குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறும். பழைய பெட்டிகளில் இருந்த வாயு, ஓசோன் படையைக் கெடுப்பதென்று 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ளதோ தீப்பற்றும் வாயு. இவ்வேலையைப் பயிற்சிபெற்ற தொழில்வினைஞரிடமே விடுக.

பல நாள் கடலில் தங்குவோர் பனிக்கட்டியைக் காக்க இயந்திரம் விரும்பின், நேரோட்ட மின்னில் 12 வோல்ற்றில் இயங்கும் அமுக்கியை வாங்கலாம். மூடி திறக்கும் இழப்பையும் சேர்த்தால், நான்கு அங்குலச் சுவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 அம்பியர்-மணி செலவாகும். இரண்டு அங்குலச் சுவருக்கு 55. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறிதாக்கலாகாது. ஆகவே 100 அம்பியர்-மணிப் பற்றரி முதலாவதற்குப் போதும். இரண்டாவதற்கு இன்னொன்று வாங்கவேண்டும். மெல்லிய சுவரால் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

நம் மாணவரின் தந்தையார் ஓரிரவே கடலில் இருப்பவர். அவருக்கு அமுக்கியும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். நான்கு அங்குலச் சுவரும், இறுக மூடும் மூடியும், 30 கிலோ நொறுக்கிய பனிக்கட்டியும் போதும். விடியும்போது பாதிக்குமேல் உருகாமலே இருக்கும்.