மொய் கணக்கும் விண்டோஸ் பத்தும்

"டேய், கம்ப்யூட்டர் எனக்கு மெமோ கொடுத்திருக்குடா" என்றார் அப்பா, போனில்.

அப்பா கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பத்தாறு வருஷம் கேஷியராக இருந்து, 2016 மே மாதம் ஓய்வு பெற்றவர். எழுத்து மூலமாக யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அது மெமோதான். கேஸ் ஏஜென்சி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.கூட மெமோ.

"என்ன போட்டிருக்கு? படிங்க."

"விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட சப்போர்ட் முடியுதாம். பதினொண்ணுக்கு மாறலாம்னா இந்தக் கம்ப்யூட்டருக்கு அதுக்கான தகுதி இல்லையாம். தகுதி இல்லைன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றான்டா! எங்க பேங்க்லகூட 'பரிசீலிக்க இயலவில்லை'ன்னுதான் எழுதுவோம்."

"விடுங்கப்பா. தீபாவளிக்கு வர்றேன்ல, நான் பார்த்துக்கறேன்."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால், எங்கள் வீட்டில் தீபாவளி நன்றாக நடந்திருக்கும். உங்களுக்கு இந்த வாரம் படிக்க விஷயம் இருந்திருக்காது.

* * *

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா ரிட்டையர் ஆன அடுத்த மாதம், கிராஜுவிட்டி பணத்தில் 32,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. அவர் வேலையை விட்டார், அது வேலைக்குச் சேர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பி.காம். படித்த பாவத்துக்கு எதைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்ப்பேன். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு அப்போது 60 சதவிகிதம் தேய்மானம், 2017 ஏப்ரலிலிருந்து 40. அதன்படி கணக்குப் போட்டால், 2025 மார்ச் முடிவில் அப்பாவின் கம்ப்யூட்டரின் மதிப்பு 215 ரூபாய். எங்கள் காமர்ஸ் வாத்தியார் ஒன்று சொல்வார்: "இந்த முறையில் மதிப்பு குறைஞ்சுகிட்டே போகும்டா. ஆனா பூஜ்யம் மட்டும் ஆகாது." பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

215 ரூபாய் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் இருந்தது என்ன தெரியுமா? எங்கள் குடும்பத்தின் மொய் கணக்கு!

1984-ல் அப்பா அம்மா கல்யாணத்தில் ஆரம்பித்து, காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வந்தது, போனது அத்தனையும். எலி கடித்த நாலு நோட்டுப் புத்தகங்களிலிருந்து இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒற்றை விரலால் எக்செல்லில் ஏற்றியிருந்தார். ஊர், பெயர், விசேஷம், தேதி, வரவு, பற்று, பாக்கி. கடைசியில் 'அன்றைய பவுன் விலை' என்று தனியாக ஒரு காலம் வேறு. 1984-ல் 51 ரூபாய் எழுதிய மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இன்றைக்கு 51 ரூபாய் எழுதினால், சாப்பிடாமலேயே திரும்ப வேண்டியிருக்கும் அல்லவா? சொந்தத்தில் எத்தனையோ பேர் விசேஷத்துக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கவரில் பணம் வைப்பார்கள். எங்கள் வம்சத்துக்கே அவர் ரிசர்வ் பேங்க்.

அதே கம்ப்யூட்டரில்தான் அவருடைய ஃபிக்சட் டெபாசிட்டைப் பார்க்கும் நெட் பேங்க்கிங்கும்.

* * *

சப்போர்ட் முடிகிறது என்றால் என்ன? கம்ப்யூட்டர் 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடாது. மறுநாளும் ஓடும். அடுத்த வருஷமும் ஓடும். பூட்டு ரிப்பேர்காரர் இனிமேல் வரமாட்டார், அவ்வளவுதான்.

விண்டோஸில் மாதாமாதம் புதுப்புது ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒட்டுப் போட்டு அனுப்பும். அதைத்தான் நாம் 'அப்டேட்' என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொள்கிறோம். சப்போர்ட் முடிந்தவனுக்கு அந்த ஒட்டு வராது. இதில் இன்னொரு சூட்சுமம்: புது விண்டோஸுக்கும் பழையதுக்கும் பாதி சுவர் பொதுச் சுவர். புதுசில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்று பார்த்தாலே, பழசில் ஓட்டை எங்கே என்று திருடனுக்குத் தெரிந்துவிடும்.

சும்மா பயமுறுத்தவில்லை. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ல் சப்போர்ட் முடிந்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வந்து உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதற்கான ஒட்டை மார்ச் மாதமே விண்டோஸ் ஏழுக்கும் பத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்.பி.க்கு அடி விழுந்த பிறகுதான், விதிவிலக்காக, ஒட்டு வந்தது. ஆனால் அதிகமாக அடிபட்டது யார் தெரியுமா? விண்டோஸ் ஏழு வைத்திருந்தவர்கள். ஒட்டு கைக்கு வந்தும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள். (யாரும் தலை குனிய வேண்டாம். நானும் அந்தக் கட்சிதான்.)

சரி, பதினொன்றுக்கு மாறிவிடலாமே? அங்கேதான் தகுதிப் பிரச்னை. டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் சிப்பாக இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அப்பாவின் கம்ப்யூட்டர் ஆறாம் தலைமுறை. பெண் பார்க்கும்போதுகூட ஏழு தலைமுறையோடு விட்டுவிடுவார்கள்.

* * *

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, இட்லியும் உள்ளே போனதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றிவிட்டுப் பின்பக்கமாக விண்டோஸ் பதினொன்றை உள்ளே விட ஒரு குறுக்குவழி இருப்பதாகப் படித்திருந்தேன். அப்படி நுழைந்தவர்களுக்கு இனிமேல் அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதையும் படித்திருந்தேன். ஆனால் பொடி எழுத்து யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

"செஞ்சுடுவியாடா?" என்றார் அப்பா.

"ரெண்டு மணி நேர வேலைப்பா."

மத்தியானம் மூன்று மணிக்கு 38 சதவிகிதம். காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தேன். 39. ஆறு மணிக்கு 61. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்கும் 61. ஏழே காலுக்கு கரண்ட் போயிற்று.

இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு யு.பி.எஸ். உண்டு. அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷமாகி, இப்போது அதன் மேல் அம்மா மணிபிளான்ட் வைத்திருக்கிறார்.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை. நடுவில் புள்ளிகள் வட்டம் சுற்றின. 'ரிப்பேர் செய்கிறேன்' என்றது. அணைந்தது. மறுபடி வட்டம். மறுபடி ரிப்பேர். ராத்திரி பத்து மணி வரைக்கும் இதே சங்குசக்கரம்தான்.

அப்பா பின்னால் வந்து நின்றார். "மொய்?" என்றார். ஒரே வார்த்தை.

நான் பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். "வர்ற வாரம் தஞ்சாவூர்ல கல்யாணம். அவங்க நம்ம சாந்தி கல்யாணத்துக்கு என்ன எழுதினாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கா?"

அப்பா ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார். நான் தூங்கவில்லை. நாற்பத்தோரு வருஷத்துக் கணக்கு சார்! அதில் பணம் மட்டுமா இருந்தது? யார் வந்தார்கள், யார் வரவில்லை, கஷ்ட காலத்திலும் பதினொரு ரூபாயை மஞ்சள் தடவிய கவரில் வைத்து அனுப்பியது யார்... எல்லாம் அதில்தான். அதில் பாதிப் பேர் இப்போது இல்லை. அந்த வரிகள்தான் பாக்கி.

* * *

காலையில் பெரிய தெருவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கடைத் தம்பி வந்தார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். டிஸ்க்கில் ஏற்கெனவே பழுது இருந்திருக்கிறது. நான் அதை ஏழு மணி நேரம் ஓட ஓட விரட்டியதில் மொத்தமாகப் படுத்துவிட்டது.

"அண்ணே, கை வைக்கிறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தீங்களா?"

கூடத்தில் அப்படி ஒரு அமைதி. குக்கர்கூட விசில் அடிக்கவில்லை.

அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வந்தவர் கையில் ஒரு பழைய விபூதி டப்பா. அதற்குள் ஒரு பென் டிரைவ்.

"செப்டம்பர் 30 வரைக்கும் இதுல இருக்கு தம்பி. அதுக்கப்புறம் மூணே என்ட்ரிதான். சொல்றேன், எழுதிக்கலாம்."

"ஐயா, எப்போ எடுத்தீங்க?"

"மாசக் கடைசி நாள். க்ளோசிங் முடிஞ்சதும் ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைக்கணும். முப்பத்தாறு வருஷம் அதைத்தானே பண்ணினேன்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. "ராத்திரியே சொல்லியிருக்கலாம்லப்பா!"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பே" என்றார்.

* * *

பிறகு தம்பி மூன்று வழி சொன்னார். இதே நிலைமையில் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, விண்டோஸ் பத்துக்கே நீட்டிப்பு வாங்குவது. மைக்ரோசாஃப்ட் 2025-ல் அறிவித்தபடி 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் வரும். அவர்களிடம் கணக்குத் தொடங்கி செட்டிங்ஸை அங்கே காப்பி வைக்கச் சம்மதித்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர். அப்பா கையை ஆட்டிவிட்டார். "எக்ஸ்டென்ஷன் வாங்கினவங்களை நிறையப் பார்த்திருக்கேன். வருஷம் முடிஞ்சா மறுபடி அதே ஃபேர்வெல், அதே சால்வை."

இரண்டு, லினக்ஸ். விலை கிடையாது, பழைய மெஷினைத் தலைமுறை கேட்டு விரட்டாது. உதாரணமாக லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. எக்செல் ஃபைலை லிப்ரே ஆஃபீஸில் திறக்கலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில்கூட 'பாஸ்' என்ற நம் நாட்டு லினக்ஸ் இருந்தது. அப்பா யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வயசுல எனக்குப் புது லெட்ஜர் வேண்டாம்பா."

மூன்றாவது வழியை அப்பாவே சொன்னார்.

"தம்பி, பேங்க்ல வயசான ஆளுங்களை என்ன பண்ணுவோம் தெரியுமா? வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். கேஷ் கவுன்ட்டர்லேருந்து எழுப்பி ரெக்கார்டு ரூம்ல உட்கார வைப்போம். பணத்தைத் தொடக் கூடாது, வெளி ஆளோட பேசக் கூடாது. கணக்கு மட்டும் பார்க்கலாம். மொய் கணக்குக்கு எதுக்குப்பா இன்டர்நெட்?"

தம்பி அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்குப் புது எஸ்.எஸ்.டி. போட்டார், விண்டோஸ் பத்தையே திரும்ப ஏற்றினார், கடைசியாக நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தார். நெட் பேங்க்கிங் அப்பாவின் புது செல்போனுக்கு மாறியது. (போனுக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. அதை மெதுவாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.) கம்ப்யூட்டரில் அந்த ஒரு பென் டிரைவைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது என்று உத்தரவு போட்டாயிற்று. ஊரில் உள்ள வைரஸெல்லாம் கண்ட கண்ட பென் டிரைவ் வழியாகவும் வரும்.

215 ரூபாய் மெஷினுக்கு இரண்டாயிரம் ரூபாய் செலவு. ஆடிட்டர் யாராவது படித்தால் கண்ணை மூடிக்கொள்ளவும்.

* * *

சென்னை திரும்பியதும் என் லேப்டாப்பைத் திறந்தேன். ஏழாம் தலைமுறை. அதற்கும் மெமோ வந்திருந்தது. லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"காப்பி எடுத்துட்டியா?" என்றார், எடுத்த எடுப்பில்.

"முதல் வேலையா அதைத்தாம்ப்பா பண்ணினேன்!"

"எங்கே வச்சிருக்கே?"

"லேப்டாப்லேயேதான். தனியா ஒரு ஃபோல்டர் போட்டு..."

மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவிடம் சொல்வது கேட்டது:

"பி.காம். ஃபீஸ் கட்டின கணக்கு எந்த நோட்டுல இருக்கு, பாரு."