பூனைக்குட்டியும் நம் இரக்கமும்

பூனைக்குட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் அறைத் தோழர் வாய்விட்டுச் சிரித்தார். “நாட்டில் எழுதுவதற்கு வேறு பொருளே இல்லையா?” என்று கேட்டார். பொருள்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி எழுத அறிஞர்களும் உண்டு. ஆனால் நானே தவறு செய்து, அதன் பயனையும் கண்ணால் கண்ட பொருள் இது. ஆகவே இதைப் பற்றி மன்றத் தோழர்களிடம் நாலு சொல் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊர் சென்று, டில்லிக்குத் திரும்பிய வாரம் அது. மாலையில் விடுதியின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் மெல்லிய அழுகுரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி. கண் அப்போதுதான் திறந்திருந்தது. பக்கத்தில் தாயைக் காணோம். குளிரோ தொடங்கிவிட்டது. கையில் எடுத்துக்கொண்டேன்.

விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்யும் முதியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “சோட் தோ, மா ஆயேகி” என்றார். விட்டுவிடு, தாய் வருவாள் என்று பொருள். என் இந்தி சப்பாத்தி கேட்கவும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசவும் மட்டுமே போதுமானது. ஆயினும் இந்தச் சொற்கள் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் நான் கேட்கவில்லை. படிக்காத கிழவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். இப்போது அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

காலணிப் பெட்டியில் துண்டை விரித்துக் குட்டியைப் படுக்க வைத்தேன். குளிர்பெட்டியிலிருந்த பசும்பாலில் சர்க்கரை கலந்து, மருந்துக் குழலால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்தித்தான் ஊட்டினேன். பார்க்க வந்த தோழர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள். என் கருணையை எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் குட்டிக்கு வயிறு கெட்டது. அன்றிரவு சைக்கிள் கொட்டகையைச் சுற்றி ஒரு பூனை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை பெட்டியில் குட்டி விறைத்துக் கிடந்தது.

அது ஏன் இறந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு கால்நடை மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று கேள்விகள் மட்டுமே கேட்டார். “தாய் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தீர்களா? பால் கொடுக்கும்போது குட்டியின் உடம்பு கதகதப்பாக இருந்ததா? என்ன பால் கொடுத்தீர்கள்?” மூன்றுக்கும் என்னிடம் நல்ல விடை இல்லை.

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சன்று. ஆபத்து என்று தோன்றினால் தாய் இடம் மாற்றும். வாயில் கவ்விக்கொண்டு போவதால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும். நாம் காணும் தனிக்குட்டி தன் முறைக்காகக் காத்திருக்கும் குட்டியாக இருக்கலாம். தாய் இரை தேடப் போனாலும் திரும்பிவரச் சில மணி நேரம் ஆகலாம். நாம் அருகிலேயே நின்றால் அது வரவே வராது. தொலைவில் மறைந்து நின்று பார்க்க வேண்டும். மனிதன் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பதும் பூனையைப் பொறுத்தவரை மூடநம்பிக்கையே.

குட்டி சுத்தமாக, வயிறு நிறைந்து, அமைதியாக உறங்கினால் அதற்குத் தாய் இருக்கிறாள் என்று கொள்ளலாம். அழுக்கேறி, வயிறு ஒட்டி, ஓயாமல் கத்தினால் ஐயப்பட வேண்டும். காயம் பட்டிருந்தாலும், எறும்பு மொய்த்தாலும், உடல் சில்லிட்டிருந்தாலும், நாய்களோ வண்டிகளோ நெருங்கினாலும் காத்திருக்கக் கூடாது. உடனே எடுக்க வேண்டும். நகமோ பல்லோ நம்மேல் பட்டுவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் பூனையாலும் வரும்.

எடுத்த பிறகு முதல் வேலை பால் அன்று, சூடு. பிறந்த முதல் மூன்று வாரம் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடவாது. அந்நிலையில் பால் ஊட்டுவது கொல்வதற்குச் சமம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, உடல் கதகதப்பான பின்பே ஊட்ட வேண்டும். அதுவும் பசும்பாலை அன்று. அதில் குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதா, வயிற்றுப்போக்கும் வரும். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது. குப்புற வைத்து ஊட்ட வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். கண் திறக்காத குட்டிக்கு இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். ஈரப் பஞ்சால் தடவிவிட்டாலன்றி அது சிறுநீர்கூடக் கழிக்காது. இத்தனையும் தாய் தன் நாவால் செய்யும் வேலை. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் தனியாக இவற்றைச் செய்வது எளிதா என்று தோழர்களே சொல்லட்டும்.

“அப்படியானால் இயற்கையிடம் விட்டுவிடுவோம், பிழைப்பது பிழைக்கட்டும்” என்பார் சிலர். இதையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் வெளியில் திரியும் பூனைகளின் 169 குட்டிகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவற்றில் 127 குட்டிகள் ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்தன, அல்லது காணாமற் போயின. அதாவது நாலில் மூன்று. இறப்புக்கான காரணங்களில் காயமே முதலிடம் பெற்றது. அது வேற்று நாட்டுக் கணக்குத்தான். ஆனால் தெருநாய்களும், வண்டிகளும், வானில் வட்டமிடும் பருந்துகளும் நிறைந்த நம் வளாகத்தில் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. மேலும் இது காடும் அன்று. நம் உணவுக்கூடத்தின் மிச்சிலை நம்பி வந்த பூனைகள் இவை. அவற்றின் பெருக்கத்தில் நமக்குப் பங்கு இருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: முதலில் காத்திருக்க வேண்டும், பிறகு கைவிடாமல் இருக்க வேண்டும். தாய் இருக்கும்வரை குட்டியைத் தாயிடமே விடுவோம். எட்டு வாரம் ஆனதும் அதற்கு ஒரு வீடு தேடுவோம். தாய்க்குக் கருத்தடை அறுவை செய்விப்போம். ஒரு மாலை நேரத்து இரக்கத்தைவிட இது கடினமானது. படம் எடுத்துக் காட்டவும் இதில் ஒன்றுமில்லை.

இதில் தமிழராகிய நமக்குத் தனிப் பொறுப்பும் உண்டு என்று சொல்வேன். விலங்குவதைத் தடுப்புக்காக மாநிலங்கள் அவையில் மசோதா கொண்டுவந்து, 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி வகுத்தவர் சென்னையில் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். ஜூலை முதல் அறையில் பூனை வளர்த்து, மே மாதம் ரயிலேறும்போது அதை வாசலில் விட்டுச் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த ஆண்டு மார்ச்சில் நூலகத்துக்குப் பின்னால் மற்றொரு குட்டியைக் கண்டேன். என் கை நீண்டது, ஆனால் எடுக்கவில்லை. முன்பு சிரித்த அதே அறைத் தோழரும் நானும் எதிர்ச் சுவரோரம் நாலு மணி முதல் உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு, ஏழரை மணி சுமாருக்கு, வரிபோட்ட பூனை ஒன்று வந்தது. நாற்புறமும் பார்த்தது. குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மதிலோரமாகப் போய் மறைந்தது. தென்கலை வைணவர்கள் இறைவனின் அருளுக்கு மார்ஜார நியாயத்தை ஏன் உவமை சொன்னார்கள் என்பது அன்று எனக்கு விளங்கியது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் தாய் பார்த்துக்கொள்கிறாள். அன்று நாங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லாமற் போயிற்று.

மே விடுமுறை வருகிறது. வளாகத்திலேயே தங்கப்போகும் தோழர்கள் நால்வர் முறைபோட்டு உணவும் தண்ணீரும் வைத்தால், நம் விடுதிப் பூனைகள் ஜூலை வரை தாங்கும். கருத்தடைக்கு மருத்துவரை அழைத்துவரும் செலவுக்கு மன்றம் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். இசைவுள்ளோர் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன். முதற் பெயராக என் பெயரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.